ஒரு பக்க மூச்சு

பெண் பார்க்கப் போன வீட்டில் அர்ஜுனன் முக்கால் மணி நேரத்துக்குள் மூன்று தடவை குளியலறைக்குப் போய் வந்தான்.

முதல் தடவை யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுங்கை புரோங்கிலிருந்து புக்கிட் ரோத்தான் வரைக்கும் வெயிலில் காடி ஓட்டி வந்திருக்கிறான், முகம் கழுவப் போகிறான் என்று நினைத்தார்கள். இரண்டாம் தடவை அவனுடைய அக்கா புஷ்பா, "காலையில பசியாறுனது ஒத்துக்கல போல," என்று சிரித்துச் சமாளித்தாள். மூன்றாவது தடவை அவன் எழுந்தபோது பெண்ணின் அப்பா சுப்பிரமணியம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

சுப்பிரமணியம் செம்பனை ஆலை ஒன்றின் வாசலில் முப்பது வருடம் ஜாகாவாக, காவலுக்கு இருந்து ஓய்வு பெற்றவர். உள்ளே போகிறவனையும் வெளியே வருகிறவனையும் முகத்தைப் பார்த்தே எடை போடுவது அவருக்குப் பழக்கம். இந்தப் பையன் உள்ளே போகும்போது வாயைத் திறந்துகொண்டு, பாதித் தூக்கத்தில் இருப்பவன்போலப் போகிறான். வெளியே வரும்போது கண் கலங்கி, மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஆனால் படு சுறுசுறுப்பாக வருகிறான். அப்படி வந்த எத்தனையோ பேரை அவர் ஆலை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார்.

அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். அங்கே மகள் நித்தியா சேமியாப் பாயசத்தைக் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வேணாம்மா," என்றார் தாழ்ந்த குரலில். "பவுடர் கேஸ்."

"என்னப்பா?"

"பையன் பவுடர் இழுக்குறான். எனக்குத் தெரியாதா? பாயசத்தைக் குடுத்து மரியாதையா அனுப்பி வெச்சிருவோம்."

நித்தியாவுக்கு முப்பத்து மூன்று வயது. கோலசிலாங்கூர் டவுனில் ஒரு மருந்துக்கடையில் பதினோரு வருடமாக உதவியாளராக வேலை செய்கிறாள். அம்மா இறந்த பிறகு வீட்டில் அவளும் அப்பாவும் மட்டும்தான். இதற்கு முன்னால் மூன்று பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நான்காவதாக வந்த இந்த லோரி டிரைவரைப் பற்றி அவளுக்கு இதுவரை தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: அளவுக்கு மீறி சென்ட் அடித்திருக்கிறான். அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கூடத்துச் சன்னல்கள் மூன்றையும் அவள் திறந்துவிட்டிருந்தாள்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது அர்ஜுனனும் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தான். முப்பத்தாறு வயது. நல்ல உயரம், வெயிலில் கறுத்த முகம். ஒரு கிண்ணத்தை எடுத்து, ஒரு வாய் குடித்துவிட்டு, கண்ணை மூடி மூச்சை இழுத்தான்.

"ஏலக்காய் வாசம் தூக்குதுங்க," என்றான்.

நித்தியா நின்றாள். "ஏலக்காய் தீர்ந்து போச்சு. நான் போடவே இல்லையே."

புஷ்பா தம்பியின் காலைத் தன் காலால் தட்டினாள். நித்தியாவின் பார்வை அவன் முகத்திலிருந்து இறங்கி, சட்டைப் பையில் நின்றது. மெல்லிய வெள்ளைத் துணிக்குப் பின்னால் ஒரு சின்ன பாட்டிலின் கழுத்து தெரிந்தது. அந்தக் கழுத்தை அவள் பதினோரு வருடமாக அலமாரியில் அடுக்கி வருகிறாள்.

"எத்தனை மாசமா அடிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"பாத்தியா, நான் சொல்லல?" என்று சுப்பிரமணியம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

புஷ்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன அடிக்கிறான்? என் தம்பி பீர்கூடத் தொட மாட்டான்!"

அர்ஜுனன் பாட்டிலை வெளியே எடுத்து முறுக்குத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். காது மடல் வரைக்கும் சிவந்திருந்தது. ஆனால் அவன் யாரையும் பார்த்து மழுப்பவில்லை.

"பதினாலு மாசம்," என்றான்.

"அது மூக்கடைப்பு மருந்துப்பா," என்று நித்தியா அப்பாவிடம் சொன்னாள். "சளிக்கு அடிக்கிற ஸ்பிரே."

"அப்ப பவுடர் இல்லையா?"

"என்னது, பவுடரா!" புஷ்பா துள்ளி எழுந்தாள். "நல்ல குடும்பத்துப் பையனைப் பாத்து என்ன பேச்சு பேசுறீங்க!"

"உக்காருக்கா," என்றான் அர்ஜுனன். "நான் மூணு தடவை டாய்லெட்டுக்கு ஓடுனா அவர் வேற என்னதான் நினைப்பாரு?"

சுப்பிரமணியத்துக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. உட்கார்ந்துகொண்டார். நித்தியாவும் எதிரே உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு நடந்தது பெண் பார்க்கிற மாதிரியே இல்லை. மருந்துக்கடை கவுன்டரில் நடக்கிற மாதிரி இருந்தது.

"ஒரு பாட்டில் எத்தனை நாள் வரும்?"

"ஆரம்பத்துல ரெண்டு மாசம் வந்துச்சு. இப்ப ஒரு வாரம் வந்தா பெரிசு."

"எப்படி ஆரம்பிச்சுது?"

போன வருட அறுவடையில்தான் ஆரம்பித்தது. அறுவடைக் காலத்தில் அர்ஜுனன் வயலிலிருந்து நெல் ஆலைக்கு நெல் ஏற்றிப் போவான். மற்ற மாதங்களில் செம்பனைப் பழம். நெல் தூசியில் சளி பிடித்து மூக்கு அடைத்துக்கொண்டது. யாரோ இந்தப் பாட்டிலைச் சொன்னார்கள். அடித்த இரண்டாவது நிமிடம் மூக்கு திறந்துகொண்டது. சாமி வரம் கொடுத்த மாதிரி இருந்தது என்றான். அன்றிலிருந்து அது இல்லாமல் படியிறங்கியதில்லை.

"பாக்ஸ்ல என்ன போட்டிருக்குன்னு படிச்சீங்களா?"

"பாக்ஸைக் கடை வாசல்லயே தூக்கிப் போட்டுருவேங்க."

"அஞ்சு நாளுக்கு மேல அடிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கும். உங்க சளி போன வருஷமே போயிருச்சு. இப்ப மூக்கை அடைக்கிறதே இந்த மருந்துதான். அடிச்சா வீக்கம் சுருங்கும். வேகம் குறைஞ்சதும் முன்னைவிட அதிகமா வீங்கும். மறுபடி அடிப்பீங்க."

அர்ஜுனன் பாட்டிலை வெறித்துப் பார்த்தான். பதினாலு மாதமாகக் காப்பாற்றி வந்த நண்பனைப் பற்றி யாரோ கெட்ட சேதி சொன்ன மாதிரி இருந்தது அவனுக்கு.

"நான் தினமும் தைலம் தேச்சுத்தான் விடுறேன்," என்றாள் புஷ்பா. அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. "நெஞ்சு, முதுகு, நெத்தி... மூக்குக்குள்ளகூட விரல்ல எடுத்துத் தடவுவேன்."

"மூக்குக்குள்ளயா!" நித்தியா பதறினாள். "அக்கா, அதை உள்ள தடவவே கூடாது. நெஞ்சுலயும் கழுத்துலயும் போதும். தைலம் வீக்கத்தைக் குறைக்காது. குளுகுளுன்னு ஒரு சுகம் குடுக்கும், அவ்வளவுதான்."

கிளம்பும்போது வாசலில் வைத்து அவள் தெளிவாகச் சொன்னாள். "இப்ப நான் சரின்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. கால் மணிக்கு ஒரு தடவை எழுந்து ஓடுறவர்கிட்ட என்ன பேசித் தெரிஞ்சுக்கிறது? முதல்ல மூக்கு சரியாகட்டும்."

காடியில் வரும்போது வழியெல்லாம் புஷ்பா பொரிந்து தள்ளினாள். பவுடராம், ஏலக்காயாம், தைலம் தடவத் தெரியாதாம். தஞ்சோங் காராங் பாலம் தாண்டிய பிறகுதான் தம்பி ஒரு வார்த்தையும் பேசாமல் வருவதைக் கவனித்தாள்.

"என்னடா?"

"எனக்கு அந்தப் பொண்ணைப் பிடிச்சிருக்கு," என்றான் அர்ஜுனன்.

*

செவ்வாய்க்கிழமை பாட்டில் தீர்ந்தது. வீட்டுக்குப் பக்கத்திலேயே வாங்கலாம். அர்ஜுனன் அரை மணி நேரம் மோட்டரில் கோலசிலாங்கூருக்குப் போனான்.

மருந்துக்கடை முதலாளி மிஸ் லிம், பட்டம் பெற்ற மருந்தாளர். ஒல்லியான, கறாரான அம்மாள். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து மலாயில் பேசுவார். நித்தியா பின்னால் நின்று மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் எண்ணிக்கையை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.

மிஸ் லிம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரேயடியாக நிறுத்தினால் தாங்க மாட்டாய் என்றார். ஒரு பக்கம் மட்டும் நிறுத்த வேண்டும். இடது பக்க மூக்குக்கு இன்றோடு முழுக்கு. வலது பக்கத்துக்குக் கொஞ்ச நாள் வழக்கம்போல அடித்துக்கொள்ளலாம், அந்த ஒரு பக்கத்தில் மூச்சு விட்டுச் சமாளிக்கலாம். இடது தானாகத் திறந்த பிறகு வலதையும் நிறுத்த வேண்டும். நடுவில் உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவ வேண்டும். வீக்கம் குறைய வேறொரு ஸ்பிரே தருவார், அது அடித்த உடனே திறக்காது, நாளாகும், பொறுமை வேண்டும். இரண்டு வாரத்தில் சரியாகவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

"வாரக்கணக்குல ஒரு பக்க மூச்சா?" என்றான் அர்ஜுனன்.

"ரெண்டு பக்கமும் இருந்தும் பதினாலு மாசமா உங்களுக்கு என்ன வாசனை தெரிஞ்சுது?" என்று நித்தியா பின்னாலிருந்து கேட்டாள்.

புது ஸ்பிரேயை எப்படிப் பிடிப்பது என்று அவள்தான் காட்டிக்கொடுத்தாள். தலையைக் கொஞ்சம் குனிய வேண்டும், முனை மூக்கின் நடுச்சுவரைப் பார்க்காமல் காதுப் பக்கமாகப் பார்க்க வேண்டும், முரட்டுத்தனமாக உறிஞ்சக் கூடாது. அவன் பள்ளிக்கூடத்தில்கூட அவ்வளவு கவனமாக எதையும் கேட்டதில்லை. சந்தேகம் வந்தால் கேட்கலாம் என்று கடை நம்பரைக் கொடுத்தாள். அவன் வாசலை எட்டியதும், "கடை நம்பர்ல பதில் லேட்டாகும்," என்று சொல்லித் தன் நம்பரையும் கொடுத்தாள்.

மறுநாளிலிருந்து வாட்ஸ்அப்பில் ஓர் உரையாடல் நடந்தது. மூன்றாம் மனிதர் யாராவது படித்திருந்தால் அதில் ஒன்றும் விளங்கியிருக்காது.

"இடது?"

"சுவர்."

"வலது?"

"வேலை செய்யுது."

"கழுவினீங்களா?"

"பாதி தண்ணி தொண்டைக்குப் போயிருச்சு. கடல்ல விழுந்த மாதிரி இருக்கு."

முதல் மூன்று நாள் அவன் உயிரை வாங்கியது. சாப்பிடும்போது மூச்சு முட்டியது, படுத்தால் இடது பக்கம் கல்லாகிவிட்டது. இரண்டு தலையணை வைத்து உட்கார்ந்தபடியே தூங்கினான். புஷ்பா சும்மா இருக்கவில்லை. உள்ளே தடவக் கூடாது என்றுதானே சொன்னாள், வெளியே எவ்வளவு வேண்டுமானாலும் தடவலாம் என்று முடிவு செய்து, நீல டப்பாத் தைலத்தில் பாதியை அவன் நெஞ்சிலும் முதுகிலும் அப்பினாள். அவன் சட்டையைக் கழற்றினால் பக்கத்து வீட்டுப் பூனைகூட எழுந்து போனது. ஒரு நாள் காலை, தைலம் பட்ட கையால் அவசரத்தில் கண்ணைத் தேய்த்துவிட்டு, நெல் ஆலை வாசலில் லோரி வரிசையில் நின்றபடி அவன் தாரை தாரையாக அழுதான்.

வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்ற லோரி ஷாஹ்ரிலுடையது. தஞ்சோங் காராங்கில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன், கல்லாவில் உட்காரப் பிடிக்காமல் லோரி ஓட்டுகிறவன், அர்ஜுனனுக்குப் பத்து வருடச் சிநேகிதன். இறங்கி ஓடிவந்தவன் லோரிக் கதவுக்கு நாலடி தள்ளியே நின்றான்.

"டேய், என்னடா? பொண்ணு வீட்டுல வேணாம்னுட்டாங்களா?"

"தைலம்டா! தண்ணி குடு லா!"

நான்காம் நாள்தான் அவன் சறுக்கினான். அன்று மூன்று அறுவடை இயந்திரங்கள் ஒரே நேரத்தில் இறங்கியிருந்தன. வயல் முழுக்கப் பொன் நிறத் தூசி. வலது பக்க மருந்தின் வேகமும் தீர்ந்து இரண்டு பக்கமும் மூடிக்கொண்டன. தலை இரும்புக் குண்டாகக் கனத்தது. பாட்டிலை எடுத்து வலதுக்கு அடித்தான். கை அப்படியே இடதுக்கும் போனது. இரண்டே நிமிடம். அப்பாடா என்று இருந்தது. பிறகு அவனுக்கு வெட்கமாகிவிட்டது.

சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? மாலையில் அவள் கேட்டால், "சுவர்" என்று அடித்து அனுப்பினால் போதும். அவன் பத்து நிமிடம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பிறகு, மத்தியானச் சாப்பாட்டு நேரம் என்று பார்த்து அவளுக்கு போன் செய்தான். அவர்கள் போனில் பேசியது அதுதான் முதல் தடவை.

"நான் இடதுக்கும் அடிச்சிட்டேன்," என்றான்.

அந்தப் பக்கம் கரண்டி தட்டில் படுகிற ஒலி மட்டும் கேட்டது.

"எப்ப?"

"இப்பதான். பதினஞ்சு நிமிஷம் இருக்கும்."

"சொல்லாம விட்டிருக்கலாமே."

"உங்களுக்குத் தெரியாதுதான். எனக்குத் தெரியுமே."

கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் சொன்னாள். "சரி, இதுக்காக யாரும் தூக்குல போட மாட்டாங்க. நாளைக்கு மறுபடி ஒண்ணாம் நாள். வயலுக்குப் போகும்போது மாஸ்க் போடுங்க. பாட்டிலைச் சட்டைப் பையில வைக்காதீங்க, கை தானாப் போகும். உங்க அக்காகிட்ட குடுத்து வைங்க. வலதுக்கு வேணும்னா அவங்ககிட்ட கேட்டு வாங்கிக்குங்க."

"அக்கா வயலுக்கு வர மாட்டாங்களே."

"அப்ப லோரிக்குப் பின்னாடி, டூல் பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டுங்க. இறங்கிப் போய், திறந்து, எடுக்கிறதுக்குள்ள புத்தி வந்துரும்."

டூல் பெட்டியின் பூட்டு துருப்பிடித்தது. அதைத் திறக்கவே ஐந்து நிமிடமாகும். அந்தப் பூட்டு நன்றாகவே வேலை செய்தது.

*

மறுபடி எண்ண ஆரம்பித்து ஒன்பதாம் நாள் காலை. அர்ஜுனன் முகம் கழுவக் குனிந்தான். நிமிர்ந்தபோது இடது பக்கத்தில் காற்று போனது. மருந்து திறக்கிற மாதிரி சில்லென்று, வெடுக்கென்று இல்லை. பூட்டியே கிடந்த வீட்டில் யாரோ சத்தமில்லாமல் வந்து ஒரு சன்னலைத் திறந்த மாதிரி. அவன் அசையாமல் நின்றான். அசைந்தால் மூடிக்கொள்ளுமோ என்று பயம். மூடவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக வந்தன. கையிலிருந்த சவர்க்காரம் எலுமிச்சை மணம் என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. அடுப்படியில் புஷ்பா நெத்திலிச் சம்பல் கிண்டிக்கொண்டிருந்தாள். வெங்காயமும் மிளகாயும் எண்ணெயில் வதங்கும் வாசம் அவனைக் கையைப் பிடித்து இழுத்துப்போனது. வாணலிக்கு மேல் முகத்தை நீட்டி நின்றவனைப் பார்த்து அவள் திகைத்தாள்.

"அக்கா, இவ்வளவு நாளும் இப்படித்தான் சமைச்சியா?"

"ஏன், என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லக்கா," என்று சொல்லி நான்கு கரண்டி போட்டுச் சாப்பிட்டான். புஷ்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். மிளகாய்க் காரம் என்றாள்.

சந்தோஷத்தில் விசிலடித்துக்கொண்டே போய் லோரிக் கதவைத் திறந்தவன், ஒரு காலை உள்ளே வைத்தவுடன் பின்னால் தாவினான்.

ஏதோ செத்துக் கிடந்தது. எலியா, பூனையா, என்னவென்று தெரியவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு இருக்கைகளைத் தூக்கினான், மிதியடிகளை உருவினான். கடைசியில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், இடுக்கில், ஒரு நெகிழிப் பை கிடைத்தது. போன தீபாவளிக்குத் தஞ்சோங் காராங்கில் இருக்கும் சின்னம்மாவுக்குக் கொடுக்கச் சொல்லி புஷ்பா கட்டித் தந்த கருவாடு. மழைத் தண்ணீர் ஒழுகி ஊறி, ஊறியபடியே மாதக்கணக்கில் வெந்து, இப்போது அது கருவாடும் இல்லை, வேறு எதுவும் இல்லை.

அதைப் புதைத்துவிட்டு, லோரியின் உள்பக்கத்தை மூன்று தடவை கழுவிவிட்டு ஆலைக்குத் தாமதமாகப் போனான். ஷாஹ்ரிலிடம் விஷயத்தைச் சொன்னான்.

ஷாஹ்ரில் வானத்தைப் பார்த்துக் கையெடுத்தான். "அல்ஹம்துலில்லாஹ்! மச்சான், எத்தனை மாசமா உன்கிட்ட சொல்லணும்னு தவிச்சேன் தெரியுமா?"

"அப்ப சொல்ல வேண்டியதுதானே! நான் லிஃப்ட் தரேன்னு கூப்பிடுறப்ப எல்லாம் நடந்தே போறேன்னு சொன்னியே, அதுக்கா?"

"உன் உடம்பு வாடைன்னு நினைச்சேன் லா! அதை எப்படிடா ஒரு சிநேகிதன்கிட்ட சொல்றது? ஏதாவது வியாதியா இருக்கும்னு நான் பயந்து போய் பள்ளிவாசல்ல உனக்காக துஆ வேற கேட்டேன்."

அர்ஜுனன் வயிறு வலிக்கச் சிரித்தான். சிரிக்கும்போதும் இடது பக்கம் மூடவில்லை. அன்று மத்தியானம் அவனே போன் செய்தான். நித்தியாவிடம் கருவாட்டுக் கதையைச் சொன்னதும் அவள் சிரிப்பை அடக்க முடியாமல் போனை மேசைமேல் வைத்துவிட்டாள். தூரத்தில் மிஸ் லிம் மலாயில் என்ன என்ன என்று கேட்பது அவன் காதில் விழுந்தது.

"ஒண்ணு கேக்கணும்," என்றான், அவள் திரும்ப வந்ததும். "அன்னைக்கு உங்க வீட்டுக்கு வந்தப்ப என் மேல அந்த நாத்தம் அடிச்சுதா?"

"கருவாடு அடிக்கல."

"அப்ப?"

"சென்ட்," என்றாள். "அரை பாட்டில் கொட்டிக்கிட்டு வந்தீங்க. அப்பா ரெண்டு நாள் சோபா மெத்தையை வெயில்ல போட்டாரு."

"ஐயோ! எனக்கு ஒண்ணுமே தெரியல, பத்தலன்னு நினைச்சு மறுபடி மறுபடி அடிச்சேன். நீங்க ஏன் சொல்லல?"

"ஏற்கெனவே ஏலக்காய், அப்புறம் பவுடர். ஒரே நாள்ல ஒரு மனுஷன் எவ்வளவுதான் தாங்குவான்?"

வலது பக்கத்தை நிறுத்தியது அவ்வளவு கஷ்டமாக இல்லை. இடது இருக்கிறது என்ற தைரியத்திலேயே எட்டு நாள் ஓடிவிட்டது. அதற்குள் அவர்கள் வாட்ஸ்அப்பில் மூக்கை விட்டு வேறு விஷயங்களுக்கு வந்திருந்தார்கள். மிஸ் லிம்மின் சிக்கனம், ஷாஹ்ரிலின் வாய், சுப்பிரமணியம் வளர்க்கும் பாகற்கொடி, புஞ்சாக் ஆலாம் பக்கம் வாங்கலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்த சின்ன வீடு.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவன் மருந்துக்கடைக்கு வந்தான். சென்ட் இல்லை, தைலம் இல்லை. துவைத்துத் தேய்த்த சட்டை மட்டும். சட்டைப் பை காலியாக இருந்தது.

"என்ன வேணும்?" என்று மிஸ் லிம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஒண்ணும் வேணாம்," என்றான்.

மிஸ் லிம் அவனைப் பார்த்தார், நித்தியாவைப் பார்த்தார். பிறகு கடையைத் தானே பூட்டிக்கொள்வதாகச் சொல்லி அவளை அரை மணி முன்னதாகவே அனுப்பிவிட்டார். பதினோரு வருடத்தில் அப்படி நடந்ததில்லை.

ஆற்றோரம் ஒரு செண்டோல் கடையில் உட்கார்ந்தார்கள். அர்ஜுனன் கிண்ணத்தை முகத்துக்கு அருகே கொண்டுபோய், தேங்காய்ப் பாலையும் பனை வெல்லத்தையும் முகர்ந்துவிட்டுத்தான் சாப்பிட்டான். ஒரு மணி நேரம் ஆனது. எழுந்து எங்கேயும் போகவில்லை.

"உங்களுக்கு முன்னாடி மூணு பேர் வந்தாங்க," என்றாள் நித்தியா, கரண்டியால் பனிக்கட்டியைக் குத்தியபடி. "ஒருத்தர் என் சம்பளத்தைக் கேட்டாரு. ஒருத்தர், அப்பாவை எங்க விடப்போறேன்னு கேட்டாரு. மூணாமவர் ஒண்ணுமே கேக்கல, போனைப் பாத்துக்கிட்டே இருந்தாரு. நீங்க வர்றதுக்கு முன்னாடியே வேணாம்னு சொல்லிடணும்னுதான் நான் இருந்தேன். பேருக்குப் பாயசம் வெச்சேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"அத்தனை பேர் முன்னாடி கேட்டப்ப, பாட்டிலை எடுத்து மேசைமேல வெச்சு, பதினாலு மாசம்னு சொன்னீங்களே. மழுப்பியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்."

அர்ஜுனன் கீழே பார்த்தான். அவனுக்குச் சொல்லத் தெரிந்தது கொஞ்சம்தான். "நான் வேலையை விடச் சொல்ல மாட்டேன். உங்க அப்பாவையும் எங்கேயும் விட வேணாம். அறுவடைக்கு மட்டும் சுங்கை புரோங் பக்கம் இருக்கணும், மத்தபடி லோரி எங்க நின்னாலும் ஓடும்."

"புஞ்சாக் ஆலாம்ல லோரி நிறுத்த இடம் இருக்கா?"

"தேடுனா கிடைக்கும்."

"அப்ப தேடுங்க," என்றாள் அவள்.

அதுதான் பதில் என்று அவனுக்குப் புரிய இரண்டு விநாடி ஆனது. புரிந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் இன்னொரு செண்டோலுக்குச் சொன்னான்.

புஷ்பா அதுவரை பதினோரு தடவை போன் செய்திருந்தாள். பன்னிரண்டாவது தடவை எடுத்தான்.

"என்னடா சொன்னா?"

"சரின்னுட்டாக்கா."

அந்தப் பக்கம் ஒரு கூச்சல் எழுந்தது. பிறகு அழுகை, பிறகு சாமி பேர் ஒவ்வொன்றாக. கடைசியில், "அந்தப் பொண்ணுகிட்ட குடு, நான் பேசணும்," என்றாள். அர்ஜுனன் பயந்துகொண்டே போனை நீட்டினான்.

"அம்மாடி, நாளைக்கு நீயும் அப்பாவும் நம்ம வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துரணும். அன்னைக்கு நான் கொஞ்சம் சத்தமாப் பேசிட்டேன், மனசுல வெச்சுக்காத."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. கண்டிப்பா வர்றோம்."

"உனக்கு என்ன பிடிக்கும்? சொல்லு, எல்லாம் செஞ்சு வைக்கிறேன்."

"எதுன்னாலும் சாப்பிடுவேன்க்கா. இறால் மட்டும் ஒத்துக்காது, உடம்பு தடிச்சிரும்."

புஷ்பா போனை மூடாமலேயே, வீட்டுக்குள் இருக்கும் கணவரைப் பார்த்துக் கத்துவது இரண்டு பேருக்கும் நன்றாகக் கேட்டது.

"ஏங்க! அந்த மூணு கிலோ இறாலையும் உரிக்காதீங்க! நிறுத்துங்க, நிறுத்துங்க! கோழி வாங்கிட்டு வாங்க!"